சத்தம் வராத வீடு

தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் அன்வேஷணம் என்று ஒன்று உண்டு. பையன் வீட்டாருக்குத் தெரியாமல் பையனைப் பற்றி விசாரிப்பது. அப்படி ஒன்று நடக்கும் என்று பையன் வீட்டாருக்குத் தெரியும். நடந்தது மட்டும் தெரியக்கூடாது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எங்கள் சொந்தத்தில் பெண் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குக் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் காலம் முழுக்க நிலத்துக்கு வில்லங்கம் பார்த்தவன், ஆளுக்கும் பார்த்துவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். நிலம் எழுந்து நடக்காது, சிரித்துப் பேசாது, போட்டோவுக்கு நிற்காது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பையனின் சபைப் போதகர். அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார். பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்தது வேலை செய்யும் இடம். கடைசியாகத் தெரு. தெருவில் கல்யாணம் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. வாடகைக்கு வீடு பார்க்கிறோம், அக்கம்பக்கம் எப்படி என்று ஆரம்பித்து, பேச்சை மெல்ல அந்த வீட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நம்மைப் பற்றி உண்மையாக ஒன்றும் சொல்லாமல் அவர்களிடமிருந்து உண்மையை வாங்குவது. உத்தியோகத்தில் இருந்தவரை நான் இதைச் சம்பளத்துக்குச் செய்தேன்.

போன வருடம் என் தங்கை மகளுக்குக் கொச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் தாத்தா எங்கள் பக்கத்து ஊரான காரக்கோணத்துக்காரர். துறைமுக வேலைக்காகக் கொச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பையனுக்குக் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் நல்ல வேலை. பெண் பார்க்க வந்தபோது எங்கள் பேச்சையே அட்சரம் பிசகாமல் பேசினான். போதகர் யோசிக்காமல் நல்ல வார்த்தை சொன்னார். வேலையிடத்திலும் குறை இல்லை. நான் கேட்ட காகிதங்கள் அத்தனையும் வந்தன. கேட்காத ஒன்றிரண்டும் சேர்ந்து வந்தன.

தங்கையின் கணவர் இறந்து சில வருடங்களாகின்றன. மகள் காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் முதல் ஓலை வாசிப்பதாக முடிவாகியிருந்தது. ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனையில் போதகர் வாசிக்கும் அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த பிறகு பின்வாங்கினால் ஏன் என்று ஊர் கேட்கும். பதிலையும் ஊரே சொல்லிக்கொள்ளும். அந்தப் பதில் எந்தக் காலத்திலும் பையனைப் பற்றியதாக இருந்ததில்லை.

அந்த வாரம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அண்ணா, எனக்குப் பேடியா இருக்கு.”

“என்னத்துக்கு ஏட்டி? எல்லாம் சரியாத்தானே இருக்கு.”

“எல்லாம் சரியா இருக்குல்லா. அதாக்கும் பேடி.”

அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஒரு கையெழுத்தாவது கோணலாக இல்லாத பத்திரத்தை நானும் நம்புவதில்லை. தெரு விசாரணை மட்டும் பாக்கி இருந்தது. வியாழக்கிழமை போவது என்று முடிவு செய்தோம். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் வைத்துக்கொண்டோம்: கொச்சியைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். டாக்சி கூடாது என்றேன். டாக்சி டிரைவர் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்வான். பஸ்சிலும் படகிலும் போகிறவனை எவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இது என் அனுபவ அறிவு என்று அன்று நினைத்தேன்.

விடியற்காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரம் போய், அங்கே வண்டி மாறி, எறணாகுளத்தில் இறங்கினோம். தங்கை அதுவரை மெட்ரோ ரயிலில் ஏறியதில்லை. கொஞ்ச தூரம் அதில் போனோம். பாலத்தின் மேலிருந்து மற்றவர்களின் மொட்டை மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் உலர்த்திய துணிகளையும் பார்த்துக்கொண்டு வந்தவள், “இப்பிடி மேல இருந்து பாத்தா போதும், யாருட்டயும் விசாரிக்க வேண்டாம்” என்றாள். பிறகு ஒரு பஸ். பிறகு நீர் மெட்ரோ. குளிரூட்டிய கண்ணாடிப் படகு. உள்ளே ஆஸ்பத்திரி வராந்தாவின் அமைதி.

அந்தப் படகிலிருந்துதான் துறைமுகத்தை முதலில் பார்த்தாள். காயலின் நடுவில் ஒரு கப்பல் எங்களைத் தாண்டிப் போனது. போனது என்று சொல்வது சரியில்லை. ஒரு சுவர் நகர்ந்தது. அதன் மேல்தட்டில் ஒரு மனிதர்கூடத் தெரியவில்லை. எதிர்க்கரையில் ராட்சத கிரேன்கள் தலையைத் தாழ்த்தி நின்றன. மேற்கே கடலுக்கு மேல் மழை கருத்துக் கிடந்தது. வரவும் இல்லை, விலகவும் இல்லை.

“அதுல ஆளு உண்டா அண்ணா?”

“ஆள் இல்லாம கப்பல் போவுமா?”

“ஒருத்தனயும் காணல்லியே.”

கோட்டைக் கொச்சியில் இறங்கியதும் சுற்றுலாக்காரர்கள் செய்வதையெல்லாம் முறைப்படி செய்தோம். சீனவலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கம்புகளும் கயிறுகளுமாக அந்த வலை முனகிக்கொண்டு மேலே வந்தது. உள்ளே ஆகாயத்தாமரையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் இருந்தன. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அதற்கும் கை தட்டினார்கள். பழைய தேவாலயம் ஒன்றுக்குள் போனோம். தரையில் கிடந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரோரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். தங்கை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“கல்லை எடுத்துச் சுவர்ல வச்சாச்சு. அப்ப ஆளு எங்க கெடக்கியது?”

“நாம நிக்கிற இடத்துலதான்” என்றேன். அவள் சட்டென்று வெளியே போய்விட்டாள்.

பையனின் தெருவுக்கு ஒரு பஸ். தெரு சுத்தமாக இருந்தது. வீடும் சுத்தம். சாம்பல் நிறக் கேட்டு, ஒரே அளவில் வெட்டிய செடிகள், மாடியில் திரை போட்ட ஜன்னல்கள். நாங்கள் நிற்காமல் தாண்டிப் போனோம். முனையில் இருந்த டீக்கடையில் மலையாளத்தில் வாடகை வீட்டுப் பேச்சை எடுத்தேன். கடைக்காரர் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: இங்கே நாய் தொந்தரவு, அங்கே அண்ணன் தம்பி வழக்கு. அந்த வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

“மிகவும் மரியாதையான குடும்பம். ஒரு சத்தமும் வெளியே வராது.”

அடுத்தது பேக்கரி. கல்லாவில் இருந்த அம்மாள் பப்ஸைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “அந்த வீடா? அங்கே ஆள் இருக்கிறதே தெரியாது. ஒரு சத்தம் கேட்டதில்லை.”

எதிரே இஸ்திரி போடுபவர், அந்தப் பையன் சத்தமாகப் பேசி இந்தத் தெரு கேட்டதே இல்லை என்றார். மூன்று பேரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள். குடிக்கிறவன், அடிக்கிறவன், கடன்காரன் வாசலில் வந்து கத்துகிற வீடு, எல்லாவற்றுக்கும் சத்தம் உண்டு. சத்தம் இல்லை என்றால் வில்லங்கம் இல்லை. மனதுக்குள் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்துவிட்டேன்.

திரும்பும்போது சர்க்கார் படகில் ஏறினோம். பழைய மரப் பலகை இருக்கைகள், திறந்த ஜன்னல்கள், என்ஜினின் உறுமல். தங்கை பப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாறசாலைக்காரனுக்கு ஊருக்குள் ரகசிய பாஷை கிடையாது. தமிழில் முணுமுணுத்தாலும் மலையாளத்தில் முணுமுணுத்தாலும் பக்கத்து வீட்டுக்குப் புரியும். அதனால் வடக்கே போனதும் எங்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும்: இனி நம் தமிழ் யாருக்கும் புரியாது என்று. பஸ்சில், ஆஸ்பத்திரியில், துணிக்கடையில், ஆளை வைத்துக்கொண்டே ஆளைப் பற்றிப் பேசுவோம். அன்றும் அப்படித்தான் பேசினோம், என்ஜின் சத்தத்துக்கு மேலே.

“எல்லாம் கொள்ளாம் மக்கா. ஓலை வாசிக்கட்டும்” என்றேன்.

“அண்ணா, மூணு பேரும் ஒரே காரியத்தத்தான சொன்னாவ?”

“ஒரே காரியம் சொன்னா நல்லதுல்லா. சாட்சி ஒத்துப் போவுது.”

“மனுசன் இருக்கிற வீட்டுல சத்தம் இருக்காதா? பாத்திரம் விழாதா? நம்ம வீட்டுல நீ தும்முனா சந்தைக்குக் கேக்கும்.”

“சவத்த, தும்மாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு போதகர்ட்ட போய் சொல்லவா? கொஞ்சம் மெதுவாப் பேசு. பின்னால இருக்கிய அம்மாளுக்க காது நம்ம தோள்மேல வந்து உக்காந்தாச்சு. அர்த்தம் தெரியாட்டாலும் கேக்கியதுக்கு ஒரு ஆசை.”

“அர்த்தம் தெரியும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நீங்க திரும்பாதீங்க. தண்ணியப் பாத்துக்கிட்டு இருங்க.”

நாங்கள் திரும்பவில்லை. கப்பலைப் பார்க்கிறவர்கள்போலக் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எனக்க பெறந்த வீடு திங்கள்சந்தைக்குப் பக்கமாக்கும். இஞ்ச கெட்டிக்குடுத்தது. அந்தத் தெருவுக்குப் பின்தெருவுல இருக்கேன், ஸ்கூல்ல டீச்சர். நீங்க பேக்கரியில நின்னு கேட்டதக் கேட்டேன். மலையாளத்துல சொல்லியிருந்தா இந்தப் படகுல பாதிப் பேருக்குப் புரியும், ராத்திரிக்குள்ள தெருவுக்குப் போயிரும். நீங்க தமிழ் பேசினதுனால சொல்லுதேன். பொண்ணு குடுக்கப் போறியளா?”

தங்கை ஆமாம் என்றாள். தண்ணீரிடம் சொல்வதுபோல.

“அந்த வீட்டுக்கு முந்தியே ஒரு பிள்ள வந்திருந்தா. கெட்டிக் கொண்டுவந்த பிள்ள. கல்யாணம் வேற ஊர்ல, வேற சபையில. இஞ்ச யாரையும் விளிக்கல்ல.”

“அப்பிடி ஒரு பதிவும் இல்லையே” என்றேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. பதிவில்லாத கல்யாணத்தைக் கல்யாணமாகவே எண்ணாதது எங்கள் ஆபீஸ்காரர்களின் வியாதி.

“பதிவெல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளையத் தெரியும்.”

படகு நடுவில் தீவுத் துறையில் நின்றது. வேலை முடிந்த கூட்டம் ஏறியது. பலகைகள் நடுங்கின. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, படகு மறுபடி கிளம்பி என்ஜின் உறுமத் தொடங்கிய பிறகுதான் தொடர்ந்தாள்.

“அடிச்சானா?” என்று தங்கை கேட்டாள்.

“அடிச்சா சத்தம் கேக்குமே. பேச மாட்டான். பிடிக்காதது ஒண்ணு நடந்தா அவகிட்ட ஒரு வாக்குப் பேச மாட்டான், தாயும் தகப்பனும் பேசப்பிடாது. மாசக்கணக்குல. போனையும் எடுத்து வச்சுக்குவான். ஒருநாள் வாசல் கேட்டுக்கிட்ட நிண்ணு எங்கிட்ட நம்ம நாட்டுப் பேச்சு ரெண்டு வாக்குப் பேசினா. அடுத்த நாளு கேட்டுல உள்பக்கம் பூட்டு.”

“பின்ன?”

“ஒருநாள் காலத்த இந்தப் படகுல எனக்க பக்கத்துல வந்து இருந்தா. காலுல செருப்பு இல்ல. அழல்ல. ரயில்வே ஸ்டேசன் எந்தப் பக்கம்னு கேட்டா. வாய் திறந்து பேசுனதுக்கே அவளுக்கு மூச்சு வாங்கிச்சு. அதுக்குப் பெறவு காணல்ல. அவ வந்ததும் தெருவுக்குத் தெரியல்ல, போனதும் தெரியல்ல. அதான் சத்தமில்லன்னு பெருமையாச் சொல்லுதாவ.”

கரை வந்துகொண்டிருந்தது. பின்னால் கிரேன்கள் சிறுத்துப் போயின. என் தங்கை பப்ஸ் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்; நெய் காகிதத்தைத் தாண்டிச் சேலையில் இறங்கியிருந்தது.

படகு எறணாகுளம் துறையைத் தொட்டதும் அந்த அம்மாள் எங்களைத் தாண்டி இறங்கினாள். அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். கண்ணாடி போட்ட, ஒடிசலான, சாதாரண முகம். “அடுத்த போட்டுல திரும்பிப் போவேன். நீங்க பாத்துப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் என் வழக்கப்படி வாதம் செய்துகொண்டு வந்தேன். ஒரே ஒரு சாட்சி. காகிதம் இல்லை. அந்தக் குடும்பத்தோடு அவளுக்கு என்ன பகையோ. பள்ளிக்கூடத்தில் ஏதாவது தகராறு இருக்கலாம். ஓலையை நிறுத்த வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போதகரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் கேட்பார், படகில் ஒரு அம்மாள் சொன்னாள் என்றா எழுதுவது?

தங்கை, “நீ இப்ப சத்தமா பேசுதே அண்ணா. பேடி இருந்தா நீ இப்பிடித்தான் பேசுவே” என்றாள்.

பாதி வழியில் வெளிச்சம் மங்கும்போது மகள் அழைத்தாள். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, கொச்சிக்கா போனிய? எங்கிட்ட பறஞ்சிருக்கலாம்ல?”

அவள் கேட்டால் சொல்வதற்கென்று வைத்திருந்த சுற்றுலாக் காரணம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

“யாரு மக்கா சொன்னா?” என்றேன்.

“அவருதான் மாமா. ஒரு போட்டோ அனுப்பியிருக்காரு. ‘உங்க அம்மையையும் மாமாவையும் படகுல கண்டேன், தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டேன்’னு எழுதியிருக்காரு. பின்னால ஒரு சிரிப்புப் படம்.”

அனுப்பச் சொன்னோம். வந்தது. படகின் உள்பக்கம், பின்வரிசையிலிருந்து எடுத்தது. முன்னால் என் வழுக்கையும் தங்கையின் கொண்டையும், இரண்டும் ஜன்னல் பக்கம் திரும்பி. வெளியே கிரேன்கள் பின்னால் சிறுத்துத் தெரிந்தன. ஆகவே தீவுத் துறையில் ஏறியவர்களில் ஒருவன். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தைச் சரிபார்க்கும் பழக்கத்தில் நான் அதைத்தான் முதலில் கணக்கிட்டேன். அவனுக்கு எங்கள் பேச்சு அட்சரம் பிசகாமல் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“கண்டுட்டு விளிக்கல்ல பாத்தியா” என்றாள் தங்கை. “மாமியா வரப்போறவ முன்னால இருக்கா. பின்னால இருந்து படம் எடுத்திருக்கான். ஒரு வாக்கு விளிக்கல்ல.”

இதற்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. காகிதமும் அவனே அனுப்பியிருந்தான்.

தங்கை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியில் இருந்தவர்கள் கேட்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் கலந்து, அந்தப் பிள்ளையின் செருப்பில்லாத கால் வரைக்கும் சொன்னாள். கேட்டு முடித்ததும் மகள், “ஓலை வாசிக்க வேண்டாம். நாளைக்கு நானே போதகர்ட்டப் போய் சொல்லுதேன். ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டு. பேசுததாவது பேசுமே” என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் சத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு மூச்சு வந்தது. தங்கைக்கு வரவில்லை. அவள் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் விரித்தாள். எங்கள் தலைகள் விலகிப்போய், நடுவில் இருந்தது பெரிதானது: முன்னால் குனிந்த ஒடிசலான தோள், கண்ணாடிக் கம்பி, பாதி முகம், என் தங்கையின் காதருகே திறந்திருந்த வாய். படத்தில் தெளிவாக விழுந்தது அது ஒன்றுதான். அவன் எங்களைப் படம் எடுக்கவில்லை.

“அண்ணா, அவளுக்கு விளிச்சுச் சொல்லணும். இப்பமே.”

“எப்பிடி?”

“பேரு என்னன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. அன்வேஷணத்தில் சொல்கிறவரின் பேரைக் கேட்கக்கூடாது, நம்பரை வாங்கக்கூடாது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அவரைக் காட்டிக்கொடுக்க நம்மிடம் ஒன்றும் இருக்கக்கூடாது. அதை நான் ஒரு குறையுமில்லாமல் கடைப்பிடித்திருந்தேன். பின்தெரு என்று தெரியும், டீச்சர் என்று தெரியும். அந்தத் தெருவில் போய் இன்னொரு முறை விசாரிக்கலாம், டீக்கடையில், பேக்கரியில். விசாரித்தால் யார் காதுக்கு முதலில் போகும் என்பதும் தெரியும்.

மகள் மறுபடி அழைத்தாள். அந்தப் படத்தை அவன் அழித்துவிட்டானாம். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். பதில் இல்லை.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அந்த அம்மாள் ஏறிய அடுத்த படகு கரை சேர்ந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.